பனிமுயலின் கோட்டை

தன் கணவனிடம் நிம்மதியாக நாலு வார்த்தை பேச மரீட்டா கண்டுபிடித்த ஒரே வழி, அவனோடு சேர்ந்து போருக்குப் போவதுதான்.

போன செப்டம்பர் வரை அவள் மற்ற எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் பேசிப் பார்த்தாள், அறை வாசலில் நின்று பேசிப் பார்த்தாள், சமையலறையிலிருந்து அவன் போனுக்குச் செய்தி அனுப்பியும் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் டாரெல் "ம்" என்பான். கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடிப்பதில்லை, கத்துவதில்லை, பனி விழுந்த காலைகளில் வாசல் பாதையை அவனேதான் வாரித் தள்ளுவான். கனடாவின் தண்டர் பே ஊரில் இப்படி ஒரு ஆள் கிடைப்பதே பெரிது என்று அவள் வேலை பார்க்கும் பேக்கரியில் பெண்கள் சொல்வார்கள். ஆள் எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறான் என்றும் சொல்வார்கள். இருக்கிறான்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதிலிருந்து, கீழ்த்தளத்தில் படிக்கு அடியில் இருந்த சின்ன அறையே அவனுக்குக் கதியாகிவிட்டது. ஒரு கண் வேலையில், மறு கண் 'ஏழு கோட்டைகள்' விளையாட்டில். முன்பெல்லாம் சனிக்கிழமை தவறாமல் இருவரும் புழக்கடையில் இருந்த சானா என்ற நீராவிக் குளியலறையில் அடுப்பை மூட்டி, ஆவியில் வியர்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது அதில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

அந்த விளையாட்டில் ஆளுக்கு ஒரு கோட்டை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கோட்டைக்குக் கேடயம் போட்டாக வேண்டும். மறந்தால், உலகத்தின் எந்த மூலையிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் வந்து கொளுத்திவிட்டுப் போய்விடுவான். அதனால் நாற்பது நாற்பது பேராகக் கூட்டணி சேர்ந்துகொள்வார்கள். வடகரைக் கூட்டணிக்கு டாரெல்தான் தலைவன். அங்கே அவன் பெயர் கருங்கரடி.

மரீட்டா 'பனிமுயல்' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வாரம் விளையாட்டுக் காட்டிவிட்டுப் பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்பதுதான் எண்ணம்.

உள்ளே போன மூன்றாவது நொடியில் பதில் வந்துவிட்டது. "வா முயலே! முதல்ல சுவரைக் கட்டு, மத்ததெல்லாம் அப்புறம். எது புரியலைன்னாலும் கேளு, இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க." படிக்குக் கீழே நாற்காலி கிறீச்சிடுவது அவளுக்குக் கேட்டது. கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்திருப்பதைக் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லி மூன்று "ம்" வாங்கியிருந்தாள். சும்மா இருக்காமல், "உங்க ஊர்ல மழையா?" என்று தட்டினாள்.

"மழை இல்ல. ஏரி மேல மேகம் அப்படியே இறங்கி நிக்குது. பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

மரீட்டா சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். ஆமாம், ஏரி மேல் மேகம் இறங்கித்தான் இருந்தது. நாலு வருடமாக இந்த வீட்டில் யாரும் அவளிடம் மேகத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது. கருங்கரடி எல்லாரையும் விசாரித்தான். ஸ்காட்லாந்துக்காரி ஒருத்தியின் நாய் செத்தபோது இரண்டு மணி நேரம் கூடவே பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் மரீட்டா துணிந்து கேட்டாள்: "உங்க வீட்ல எப்படி?" பதில் வந்தது. "என் மனைவி ரொம்ப நல்லவ. நான்தான் அவளுக்குச் சரியா இல்ல. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, முயலே."

பேக்கரியின் குளிர் அறையில் வெண்ணெய்ப் பெட்டி மேல் உட்கார்ந்து அதைப் படித்து அவள் அழுதாள். இன்று சாயங்காலம் அவன் மேலே வந்து ஏதாவது சொல்வான் என்று வீட்டுக்கு ஓடினாள். அவனும் வந்தான். தட்டை எடுத்துக்கொண்டு, "ம், வாசனையா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டான். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் இந்த டாரெலும் ஓடிவிடுவானே என்ற பயம்.

நான் ஒன்றும் விளையாடவில்லை, என் கணவனைப் பார்க்கத்தானே போகிறேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணவனைப் பார்க்கப் போகிறவளுக்கு இரண்டு காவல் கோபுரம் எதற்கு, அறுநூறு வில்லாளிகள் எதற்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பனிமுயலின் கோட்டை பதினாலாம் படிக்கு வந்துவிட்டிருந்தது. கட்டை விரல் வலிக்க ஆரம்பித்து, அதற்கு ஒரு கட்டும் போட்டுக்கொண்டாள். கேடயம் போடும் நேரம் வந்தால் கையில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுக் குளிர் அறைக்குள் புகுந்துகொள்வாள். ஒருநாள் ஒரு தட்டு பெர்சியன் ரொட்டி முழுக்கக் கருகிப் போனது. மேலே இளஞ்சிவப்புப் பாகு பூசி விற்கிற அந்த ரொட்டிக்குத்தான் ஊரே காலையில் வரிசையில் நிற்கும்.

"ஏன் மரீட்டா, வெண்ணெய் எடுக்கத்தானே உள்ள போனே? இல்ல, மாட்டுல பால் கறந்து, தயிராக்கி, கடைஞ்சே எடுத்துட்டு வந்தியா?" என்றாள் கடைக்காரி உல்லா.

கடை முழுக்கச் சிரித்தது. மரீட்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அடுத்த கேடயம் நாலே முக்காலுக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

கழுத்தெலும்புக்கு மேலே அந்தக் கட்டி அவள் கையில் பட்டது டிசம்பரில். எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தார். செவ்வாய்தோறும் காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை கூட்டணிப் போர். அந்த இரண்டு மணி நேரம் யாருக்கும் கேடயம் கிடையாது, நாற்பது கோட்டைகளும் திறந்து கிடக்கும். கடையில் ஆள் இல்லை என்று டாக்டரிடம் பொய் சொல்லித் தள்ளிப் போட்டாள். பிப்ரவரியில் கொடுத்ததையும் அப்படியே தள்ளினாள். மூன்றாவது தடவை டாக்டரே போன் செய்தார்.

"இதை வெச்சுக்கிட்டு விளையாடாதீங்க, மிசஸ் லாஹ்தி. மார்ச் இருபத்தஞ்சு. வரீங்க."

அதுவும் செவ்வாய்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டில், டாரெல் மேசையில் நிறுத்தி வைத்திருந்த டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே சூப் குடித்தான். மரீட்டா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டாரெல், கழுத்துல ஒரு கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுக்கணுங்கறாங்க. அது என்ன கட்டின்னு அப்புறம்தான் தெரியுமாம்."

"ம். நல்லது."

"நல்லதா?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "இல்ல... எடுத்துடறது நல்லதுதானேன்னு சொன்னேன். எப்போ?"

"இருபத்தஞ்சாம் தேதி காலையில. மயக்கம் குடுப்பாங்க. முடிஞ்சதும் நீ மேல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் விடுவாங்களாம்."

"வந்துட்டாப் போச்சு" என்று சொல்லும்போதே அவன் பார்வை டேப்லெட்டுக்குத் திரும்பிவிட்டது.

பாத்திரம் கழுவிவிட்டு அவள் கூட்டணியின் விடுப்புப் பலகையில் எழுதினாள். போருக்கு வர முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். "இருபத்தஞ்சாம் தேதி வர முடியாது. ஆபரேஷன்."

கீழே நாற்காலி கிறீச்சிட்டது. "ஐயோ, முயலே! என்ன ஆபரேஷன்? பயமா இருக்கா?"

"இருக்கு" என்று எழுதினாள். அந்த ஒரு வார்த்தையை எழுத இவ்வளவு நாள் ஆகியிருந்தது.

"பயப்படாதே. நல்லபடியா முடியும். உன் கோட்டைச் சாவியை, அதான் பாஸ்வேர்டை, என்கிட்ட குடு, அன்னைக்கு நான் காவல் இருக்கேன். என்னோடது டேப்லெட்ல, உன்னோடது போன்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, ஒரு கோட்டைக்குள்ள ரெண்டு பேர் இருக்க முடியாது. அன்னைக்கு நீ உள்ள வந்தா நான் வெளியே விழுந்துடுவேன். ஆமா, கூட யாராவது இருக்காங்களா?"

"புருஷன் வருவார்."

"நல்லது. பக்கத்துலயே இருக்கச் சொல்லு."

கெனோராவில் இருக்கும் அக்கா ஹெல்வியிடம் மட்டும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"அன்னைக்கும் அவன் வரலைன்னா, அப்புறம் எதுக்குடி அந்த வீடு?" என்றாள் ஹெல்வி. "மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. பெட்டியைக் கட்டிட்டு வந்துடு."

"வரலைன்னா வந்துடறேன்" என்றாள் மரீட்டா. வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. மனதார முடிவு செய்துதான் சொன்னாள். கூப்பிட்டால் அவன் ஒரே ஒரு தடவை எழுந்து வர வேண்டும். வந்துவிட்டால் போதும், மற்றதைப் பேசிக்கொள்ளலாம். வராவிட்டால் முப்பது வருடக் குடித்தனத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவது.

இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு டாரெல் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். தெருவோரமெல்லாம் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. "முடிஞ்சதும் போன் பண்ணச் சொல்லு, பத்து நிமிஷத்துல இங்க நிப்பேன்" என்றான். வண்டியை விட்டு இறங்கவில்லை. பயமா இருக்கா என்றும் கேட்கவில்லை.

கண் விழித்தபோது தொண்டை வறண்டு, கழுத்தில் பெரிய கட்டு. திரைத்துணி கட்டிய ஏழாம் நம்பர் தடுப்புக்குள் படுத்திருந்தாள். பச்சை உடுப்பு நர்ஸ் ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. உங்க வீட்டுக்காரருக்கு மூணு தடவை அடிச்சுட்டேன், எடுக்கலையே. வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. மரீட்டாவுக்குப் புரிந்துவிட்டது. போர் நடக்கும்போது அழைப்பு வந்தால் ஆட்டம் அறுந்துவிடும் என்று எல்லாரும் போனை வாயடைத்து வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யச் சொல்லி அறிவிப்பு போட்டவனே அவன்தான். உல்லாவைக் கூப்பிட்டால் ஓடி வருவாள். ஆனால் யார் வருகிறார்கள் என்பதா இப்போது பிரச்சினை?

"என் பையைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா? அவரை நானே கூப்பிடறேன்."

மயக்கம் இன்னும் பாதி தெளியவில்லை. அவனிடம் பேச அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விரல் தானாக ஆட்டத்தைத் திறந்தது. 'உங்கள் கோட்டை வேறொரு இடத்தில் திறந்திருக்கிறது. உள்ளே வருகிறீர்களா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் அவனை வெளியே தள்ளிவிட்டது உறைத்தது.

அரட்டையில் கரடி அலறியது. "முயலே! ஏன் உள்ள வந்தே? ஆபரேஷன் முடிஞ்சுதா? எப்படி இருக்கே? வலிக்குதா?"

நாலைந்து பேர் இதயம் அனுப்பினார்கள். மரீட்டாவின் கண் நிறைந்துவிட்டது. "முடிஞ்சுது. வலிக்குது."

"தைரியமா இரு. இப்ப சட்டுனு வெளியே போ, நான் உள்ள வரணும். மேற்கே மூணு படை வருது. இதுவரைக்கும் ஒரு கல்லுகூட உதிர விடல, தெரியுமா? புருஷன் பக்கத்துல இருக்காரா?"

"இல்ல. வரல. ஆஸ்பத்திரியிலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டாங்க. எடுக்கல."

"என்ன மனுஷன்யா அவன்!" என்று எழுதினான் கருங்கரடி. "பொண்டாட்டியை இப்படி ஒரு நாள்ல தனியா விட்டுட்டு அப்படி என்ன கிழிக்கிறான்? எந்த ஊர் நீ? பக்கமா இருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போவேன்."

மரீட்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். "பக்கம்தான், டாரெல். ரெண்டாம் மாடி, ஏழாம் நம்பர். மேல வந்து கையெழுத்துப் போடு."

அதன் பிறகு கரடியிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. தலைவனைக் கேட்காமல் அசையாத முப்பத்தெட்டுப் பேரும் "என்ன செய்யறது, எங்க போறது" என்று அரட்டையில் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு கரடியின் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் எரிகிற பச்சைப் புள்ளி அணைந்தது. போரின் நடுவில் அது அணைந்து யாரும் பார்த்ததில்லை.

வருகிறான்! மரீட்டாவின் நெஞ்சு குளிர்ந்துபோனது. எழுந்துவிட்டான், வண்டிச் சாவியை எடுத்திருப்பான், வாசல் படியில் இறங்கியிருப்பான்.

அப்போதே போனை மூடி வைத்திருக்கலாம். ஆனால் மேற்கே மூன்று படை வந்துகொண்டிருந்தது, உள்ளே அவளைத் தவிர ஆள் இல்லை. ஏழு மாதம் கல் கல்லாகக் கட்டியது. அவன் வந்து சேரும்வரை சும்மாதானே இருக்கிறோம், அதுவரைக்கும் பார்க்கலாம் என்று வில்லாளிகளைத் திரட்டினாள். முதல் படையைத் திருப்பி அடித்தாள். தலைவன் கோட்டையில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் எதிரிகள் கரடியின் கோட்டைக்குத் தீ வைத்துவிட்டார்கள். பல வருட உழைப்பு ஐந்து நிமிடத்தில் கரியானது. அதைக் கண்டதும் அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

அக்காவிடமிருந்து ஒரு செய்தி திரையின் மேலே வந்து நின்றது. "வந்தானா?" அது ஆட்டத்தின் கடிகாரத்தை மறைத்தது. ஒரு விரலால் தள்ளிவிட்டாள்.

திரைத்துணி விலகியது. டாரெல் நின்றான். கோட்டு இல்லை, வீட்டுக் கம்பளிச் சட்டையோடு வந்திருந்தான். காலில் வீட்டுச் செருப்பு, சேற்றில் ஊறிக் கறுத்திருந்தது. இரண்டு மாடி ஓடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"மரி" என்றான். "நீதானா அது? இத்தனை மாசமும் நீதானா? என்கிட்ட சொன்னதெல்லாம்... பயமா இருக்குன்னு சொன்னியே, அதுவும் நீதானா? என்னை மன்னிச்சுடு, மரி."

இந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் போருக்கே போனாள். இப்போது அது ஒரு கை தூரத்தில், மூக்கு சிவந்து, கண் கலங்கி நின்றது. அவள் நிமிரவில்லை.

"மேற்கு வாசல் போகப் போகுது, டாரெல்."

"போகட்டும். என்னோடது போயாச்சு, இதுவும் போகட்டும். வைம்மா அதை. வீட்டுக்குப் போலாம்."

"போகட்டுமா? பதினாலு படி! உனக்கென்ன தெரியும், குளிர்ல உட்கார்ந்து உட்கார்ந்து கட்டினது."

நர்ஸ் தாளும் பேனாவுமாக வந்து, "ஐயா, இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கிளம்பலாம்" என்றாள். அவன் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போடக் குனிந்தவன் பார்வை ஓரக்கண்ணாகத் திரையில் விழுந்தது.

"வில்லாளிங்களை ஏன் கீழயே வெச்சிருக்கே? கோபுரத்து மேல ஏத்து."

"ஏத்த முடியல. கட்டை விரல் வலிக்குது."

"தள்ளி உட்காரு."

தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளோடு தோள் இடித்தது. அவன் மூச்சு அவள் காதில் பட்டது. எத்தனை வருடம் ஆகிவிட்டது இவன் இவ்வளவு கிட்ட உட்கார்ந்து என்று நினைத்தாள். இது இப்படியே இருக்க வேண்டும், ஆட்டம் முடியவே கூடாது என்று நினைத்தாள்.

"தெற்கேயும் ஒரு படை வருது" என்றான்.

"இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு. தனியா என்னால தாக்குப் பிடிக்க முடியாது." முதல் தடவையாக அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உன் போன் எங்க? நீயும் கரடியா உள்ள வந்து, கூட்டணிப் படையை இங்க திருப்பு."

டாரெல் அவள் கழுத்துக் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனாவைக் கட்டில் மேல் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.